பழைய காருக்கு டர்போ இன்ஜின்: செய்ய முடியுமா, செய்யலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், டூல் ரூமில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்குப் பின் வந்த கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கவர் போட்டு மூடிய பழைய கார்கள் சில நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று அம்பாசடர். அந்த வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். "அங்கிள், இது எங்க அப்பாரு காருங்க. இதுல ஸ்விஃப்ட் டீசல் டர்போ இன்ஜினைத் தூக்கி வைக்க முடியுங்களா? வேண்டிய பார்ட்ஸ் எல்லாம் நம்ம ஊரு பட்டறையிலயே செஞ்சுக்கலாமுங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று செயலாளர் சொன்னதால் இங்கே பேச வந்தேன்.

சுருக்கமான பதில் இதுதான். செய்ய முடியும். கோயமுத்தூரில் செய்ய முடியாத பார்ட் என்று அனேகமாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பார்ட்டை மாற்றினால் அதன் சுமை அடுத்த பார்ட்டுக்குப் போகும். அது அதற்கு அடுத்ததற்குப் போகும். கடைசியில் பிரேக்கில் வந்து நிற்கும், அதற்கப்புறம் ஆர்.சி. புத்தகத்தில் வந்து நிற்கும். அதனால் முதல் தகடை வெட்டுவதற்கு முன்பே, இந்த வண்டி எங்கே ஓடப் போகிறது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இங்கே மில்கள் பெருகின. மில் இருந்தால் மெஷின் பழுதாகும். பழுது பார்க்கப் பட்டறை வந்தது, பட்டறைக்கு ஃபவுண்டரி வந்தது, பிறகு மோட்டாரும் பம்பும் நாமே செய்ய ஆரம்பித்தோம். நம் பெரியநாயக்கன்பாளையத்திலேயே 1962 முதல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரங்கள் செய்துவருகிறது. பக்கத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவில் பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சியும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ளே போனால் லேத், மில்லிங், ஆர்கான் வெல்டிங், பேட்டர்ன், வார்ப்பு எல்லாம் நடக்கிறது. ஒரு சாமானை மேஜையில் வைத்து "இதே மாதிரி ஒண்ணு வேணுமுங்க" என்றால் செய்து கொடுக்கிற ஊர் இது.

கார் விஷயத்திலும் நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஜவுளித் தொழில் குடும்பத்தில் வந்த எஸ். கரிவர்தன். 1980களின் இறுதியில் அவர் மாருதி 800 காரின் 796 சி.சி. இன்ஜினை எடுத்து, ஒரு ஆள் உட்காரும் ரேஸ் கார் ஒன்றைக் கோவையில் வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். மாருதியில் முன்னால் இருந்த இன்ஜின் இதில் ஓட்டுபவருக்குப் பின்னால் போனது. விலை கொடுத்து வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க முடியாத பையன்கள் பலர் அந்தக் காரில் பழகினார்கள். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நம் ஊர் நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் உள்ளது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் இன்ஜினுக்கு ஏற்றபடி காரைச் செய்தார். சட்டகம், சஸ்பென்ஷன், எடை எல்லாம் அந்த இன்ஜினுக்குக் கணக்குப் போட்டது. ஓட்டியதும் பந்தயத் தடத்தில் மட்டும். நம் தம்பி கேட்பது இதற்கு நேர் எதிர். ஏற்கனவே இருக்கிற காருக்குள், அதற்காகச் செய்யாத இன்ஜினை வைக்க வேண்டும். அது கஷ்டமான வேலை. எங்கெங்கே கஷ்டம் என்று பார்ப்போம்.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சி.சி. அதன் திருகு விசை, அதாவது டார்க், சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்டில் 2007இல் வந்த 1248 சி.சி. டீசல் டர்போ இன்ஜினுக்கு 190. இன்ஜின் சின்னது, முறுக்கும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்ட் செய்யும் வேலை எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

முதல் பார்ட், இன்ஜின் மவுண்டிங். முதல் கியரில் 190 என்பது மூன்றரை மடங்காகப் பெருகினால் 665 ஆகிறது. இரண்டு மவுண்டிங்குக்கும் இடையே அரை மீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கத்தை 135 கிலோ எடைக்குச் சமமான விசை மேலே தூக்கும், மறு பக்கத்தை அதே விசை கீழே அமுக்கும். கிளட்சைச் சட்டென்று விட்டால் இதைவிட அதிகம். அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். 40 வருஷத்து பாடியில் துரு எங்கே இருக்கிறது என்று பெயின்ட்டுக்கு மேலே தெரியாது. அதனால் பிராக்கெட் எவ்வளவு கனம் என்பதைவிட, அது எந்தத் தகட்டில் உட்காருகிறது என்பதுதான் முக்கியம். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்து, துருப்பிடித்ததை வெட்டி எடுத்து, பெரிய தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். மவுண்டிங்கில் ரப்பர் இருக்க வேண்டும். டீசல் இன்ஜினை இரும்போடு இரும்பாகப் பிடித்தால் அதிர்வில் வெல்டிங் பக்கத்திலேயே விரிசல் விடும்.

இரண்டாவது, அடாப்டர் பிளேட். ஸ்விஃப்டில் இன்ஜின் குறுக்கே நிற்கிறது, முன் சக்கரத்தை ஓட்டுகிறது. அம்பாசடரில் இன்ஜின் நெடுக்காக நிற்கிறது, பின் சக்கரத்தை ஓட்டுகிறது. அப்படியென்றால் ஸ்விஃப்ட் கியர்பாக்ஸ் உதவாது. வேறு வண்டியின் கியர்பாக்ஸைப் பிடித்து, இரண்டின் போல்ட் ஓட்டைகளும் பொருந்துகிற மாதிரி நடுவில் ஒரு கனமான அலுமினியத் தகடு வைக்க வேண்டும். அட்டையில் டெம்ப்ளேட் எடுத்து ஓட்டை போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போல்ட் ஓட்டை இறுக்குவதற்குத்தான். மையத்தைப் பிடிப்பது டவல் பின். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முழுச் சுற்றுக்கும் சுமார் 0.12 மில்லிமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்பது வழக்கமான கணக்கு. கிட்டத்தட்ட இரண்டு தலைமுடி கனம். அதற்கு மேல் போனால் வண்டி அன்றைக்கே ஓடும், ஆனால் கிளட்ச் தட்டும் பேரிங்கும் சீக்கிரம் போகும். தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு கியர்பாக்ஸ் பின்னால் தள்ளிப் போகும். அப்போது இன்புட் ஷாஃப்டின் நுனி பைலட் பேரிங்கில் போதுமான அளவு உட்காருகிறதா என்றும் அளக்க வேண்டும். பிறகு புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி, நீளம் மாற்றி, பேலன்ஸ் செய்ய வேண்டும்.

மூன்றாவது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஒரிஜினல் மேனிஃபோல்டு வைத்தால் டர்போ ஸ்டியரிங் பாக்ஸிலோ பாடியிலோ இடிக்கும். அதனால் புதிதாகச் செய்வார்கள். டீசலில் டர்போவுக்குள் போகும் புகை 700 டிகிரிக்கு மேல் போகலாம், பெட்ரோலில் 900 டிகிரியைத் தாண்டலாம். சாதாரண இரும்புப் பைப் அந்தச் சூட்டில் செதில் செதிலாக உரியும். உரிந்த செதில் டர்போ இறக்கையில் அடிக்கும். ஸ்டெயின்லெஸ் பைப் தாங்கும், ஆனால் அது அதிகமாக நீளும். 30 சென்டிமீட்டர் மேனிஃபோல்டு 800 டிகிரி சூடானால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். இன்ஜின் ஹெட் அவ்வளவு நீளாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற இழுபறியில்தான் மேனிஃபோல்டு வெடிக்கிறது.

அனுபவமுள்ள வெல்டர் என்ன செய்வார்? கனமான தகட்டில் ஃப்ளாஞ்சை போல்ட் போட்டு இறுக்கி, அந்த ஜிக்கிலேயே வைத்து வெல்டு செய்வார், ஆறுகிற வரைக்கும் கழற்றமாட்டார். ஆர்கானை வெளியே மட்டும் அல்லாமல் பைப்புக்குள்ளும் விடுவார், இல்லாவிட்டால் உள்பக்கம் கருகித் துகள் உதிரும். நாலு சிலிண்டருக்கும் ஒரே நீள ஃப்ளாஞ்ச் இருந்தால் நடுநடுவே வெட்டிவிட்டு நீளுவதற்கு இடம் கொடுப்பார். டர்போவின் எடையை மேனிஃபோல்டு மட்டும் தாங்காமல் தனி பிராக்கெட் கொடுப்பார். ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் வெல்டிங். அதே மாதிரி இருபது வேண்டுமென்றால் பேட்டர்ன் செய்து வார்ப்பதுதான் சரி. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும், அதைச் சேர்த்துத்தான் பேட்டர்ன் மரத்தைச் செதுக்குவார்கள். நம் ஊர் பேட்டர்ன் மேக்கருக்கு இது கைவந்த கலை.

நான்காவது, டர்போவின் எண்ணெய்க் குழாய்கள். மில்லில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 20,000 சுற்று வரை சுற்றும். அதற்கே எவ்வளவு பார்ப்போம்! டர்போ ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு பக்கம் நெருப்பு மாதிரி சூடு, மறுபக்கம் காற்று, நடுவில் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற ஷாஃப்ட். எண்ணெய் உள்ளே வருவது அழுத்தத்தில். வெளியே போவது தன் எடையில்தான், அதாவது கீழ்நோக்கி வழிந்துதான். அதனால் உள்ளே வரும் குழாய் மெல்லியது, வெளியே போகும் குழாய் பெரியது. அது வளையாமல், மேடு ஏறாமல், சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இடம் இல்லை என்று குழாயைச் சுற்றிக் கொண்டுபோனால் எண்ணெய் தேங்கி, சீலைத் தாண்டி, நீலப் புகையாக வரும். டர்போ போய்விட்டது என்று புதிது மாற்றுவார்கள், அதுவும் புகையும். குறை குழாயில் இருக்கும்.

ஐந்தாவது, காற்றுக் குழாயும் இன்டர்கூலரும். காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் சித்திரை மாதத்து 35 டிகிரி காற்றை டர்போ 0.7 பார் கூடுதலாக அமுக்கினால், வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடான காற்றில் பிராணவாயு குறைவு, இன்ஜினுக்கும் சூடு. அதனால் கிரில்லுக்குப் பின்னால் இன்டர்கூலர் வைக்க வேண்டும். அங்கே ஏற்கனவே ரேடியேட்டர் இருக்கிறது. இரண்டுக்கும் காற்று போக வழி செய்ய வேண்டும். மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பிரேக் பைப், டீசல் ஹோஸ், ஒயரிங் எதுவும் போகக்கூடாது. போயே ஆக வேண்டும் என்றால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட்டில் நிற்கப்போகிற வண்டி என்றால் இதில் சமரசமே கூடாது.

இவ்வளவும் முடிந்து வண்டி கிளம்பினால், அடுத்த கேள்வி அதை நிறுத்துவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 120இல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் நிறுத்துவதற்கு பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு. பழைய டிரம் பிரேக் அதற்குச் செய்ததல்ல. டிஸ்க் பிரேக் போட்டால் ஹப் மாற வேண்டும், மாஸ்டர் சிலிண்டர் மாற வேண்டும், சக்கரமும் மாறலாம். பின் ஆக்சிலும் இரண்டு மடங்கு முறுக்கைத் தாங்க வேண்டும். அம்பாசடர் கம்பெனியே 1990களில் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வைத்தபோது, அதற்கேற்ற ஐந்து கியர் கியர்பாக்ஸையும் சேர்த்தேதான் வைத்தது. இன்ஜின் மட்டும் தனியாக மாறுவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 15 வருஷம் முடிந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது இன்ஜின் எண் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிது, விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அடிபட்டவர் ரோட்டில் நடந்து போன யாரோ ஒருவராக இருக்கலாம். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அப்படியென்றால் தம்பிக்கு வழியே இல்லையா? நாலு வழி இருக்கிறது.

ஒன்று, பழைய இன்ஜினையே உயிர்ப்பிப்பது. கிடைக்காத வாட்டர் பம்ப் ஹவுசிங், மேனிஃபோல்டு, புஷ், பிராக்கெட் இதையெல்லாம் பழசைப் பார்த்துப் புதிதாகச் செய்வது. கைத்திறன் அத்தனையும் இதற்கும் வேண்டும், சட்டச் சிக்கல் இல்லை. இன்ஜினே தேறாது என்றால் அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி பெற்று மாற்றி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

இரண்டு, 50 வருஷத்தைத் தாண்டிய கார் என்றால் 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். ஆனால் கார் அதன் அசல் உருவில் இருக்க வேண்டும். கண்காட்சி, ராலி மாதிரியான காரியத்துக்குத்தான் ஓட்டலாம், தினமும் ஓட்ட முடியாது. டர்போ வைத்த அன்றைக்கே இந்த வாய்ப்பு போய்விடும்.

மூன்று, அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. அல்லது எலெக்ட்ரிக் மாற்றுக் கிட். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அங்கீகாரம் அந்த மாடல் காருக்கு இருக்கிறதா என்று பார்த்து, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

நான்கு, டர்போ ஆசை விடவில்லை என்றால், தடத்துக்கு மட்டும் ஒரு கார். ரோல் கேஜ், தீயணைப்புக் கருவி, பந்தய விதிகள் எல்லாம் உண்டு. வண்டியை டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். கரிவர்தன் போன வழி இது. ஆனால் அதற்கு அப்பாரு காரை வெட்ட வேண்டாம், வேறு ஒரு பாடி எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் பட்டறைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன உலோகம்? எதை வைத்து அளந்தீர்கள்? சுமை எங்கே போகிறது? நல்ல தொழிலாளி இதைக் கேட்டால் கோபப்படமாட்டார், டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து விளக்குவார். அவர் சொல்லும் கூலியில் பேரம் பேசலாம், அவர் கேட்கும் நாளில் பேரம் பேச வேண்டாம்.



கேள்வி: எங்கள் புது பெட்ரோல் காரிலும் டர்போ இருக்கிறதாம். நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டுங்க. மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி, ஊட்டி மலை ஏறிப் போய் நின்றவுடன் இன்ஜினை அணைக்காதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். டர்போ கொஞ்சம் ஆறும், எண்ணெய் உள்ளே கருகாது. கம்பெனி சொன்ன வகை ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உறும விடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

கேள்வி: சின்ன வெல்டிங் வேலைதானே, பார்க்கிங்கிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாதுங்க. வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங் எதுவும் பேஸ்மென்ட்டில் வேண்டாம். ஒரு பொறி போதும், மேலே எத்தனை குடும்பம் இருக்கிறது! வண்டியை டோ செய்து பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நீண்ட நாள் நிற்கும் வண்டி என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், பழைய ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: பையன்களுக்கு இந்த வேலையில் ஆர்வம் வந்தால் எங்கே ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அவினாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு காலத்திலும் ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். பிறகு ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் கிரைண்டர், மிக்சி, சைக்கிள் எதைக் கழற்றினாலும் முதலில் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அளக்கப் பழகின பிறகு வெல்டிங் மெஷினைத் தொட்டால் போதும்.